பண்ருட்டிப் பலாவும் நாஷ்வில் கட்டையும்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள ‘கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்’ அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு பைன் மரக்கட்டை இருக்கிறது. நாலங்குலத்துக்கு நாலங்குலம், பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரத் துண்டு மாதிரி ஒரு கட்டை. அதன் ஒரு முனையில் கிடாரின் கழுத்து, மேலே ஆறு தந்தி, தந்திகளுக்கு அடியில் காந்தத்தின் மேல் செப்புக் கம்பி சுற்றிய இரண்டு சுருள்கள். செய்தவரும் வாசித்தவரும் லெஸ் பால் (1915–2009). 1940 வாக்கில், நியூயார்க்கில் எபிஃபோன் நிறுவனத்தின் கிடார்த் தொழிற்சாலையில், ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இதைச் செய்துகொண்டார். ‘தி லாக்’, அதாவது ‘கட்டை’ என்பதே அதன் பெயர்.

முதலில் அதை வெறும் கட்டையாகவே மேடைக்கு எடுத்துப்போனார். யாரும் சட்டை செய்யவில்லை. அப்புறம் ஒரு சாதாரணக் கிடாரை நடுவில் அறுத்து, இரண்டு பாதிகளையும் கட்டையின் இரு பக்கமும் இறக்கை மாதிரி முடுக்கினார். ஓசை மாறவில்லை, கைத்தட்டல் மட்டும் கிடைத்தது. சனங்கள் கண்ணாலும்தான் பாட்டுக் கேட்கிறார்கள் என்று பிற்பாடு வேடிக்கையாகச் சொல்லிவந்தார்.

இந்தக் கட்டையை ஒரு தஞ்சாவூர் வீணை ஆசாரியிடம் காட்டினால் என்ன சொல்வார்? அவருக்கு மரம் போவது கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியிலிருந்து. முந்திரிக்கும் பலாப்பழத்துக்கும் பேர்போன அந்தச் செம்மண் பூமியில் காய்த்து ஓய்ந்த பலாமரங்கள் வீணையாகின்றன. ஆசாரி மரத்தைப் பார்த்து வாங்கி, குடத்தைக் குடைந்து, சுவரை உளியால் இழைத்து இழைத்து மெலிதாக்கி, தட்டித் தட்டி நாதம் பார்ப்பார். ஒரே மரத்தில் குடமும் தண்டியுமாகக் கடைந்தெடுத்த ஏகாண்ட வீணைக்குத் தனி மதிப்பு. மரத்துக்குள் நாதம் இருக்கிறது என்பது அவர் கை கண்ட உண்மை. மரம் எதற்கு, கட்டை போதும் என்கிறது நாஷ்வில் கட்டை. இரண்டும் சரிதான். எப்படி என்பதில் இயற்பியல் இருக்கிறது. அந்த இயற்பியலுக்கு வேண்டிய மரம், நரம்பு, மின்சாரம் மூன்றுக்கும் உதாரணம் தேடிக் கடலூர் மாவட்டத்தைத் தாண்டிப் போகவே வேண்டாம்.

தந்தியிலிருந்து தொடங்குவோம். சுவரில் இரண்டு ஆணி அடித்து ஒரு கம்பியை முறுக்காகக் கட்டி மீட்டிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. கம்பி மெலிது. அது ஆடும்போது காற்று அதன் இருபக்கமும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறதே தவிர, அலையாகத் தள்ளப்படுவதில்லை. ஓசை வெளியே வர அகலமான ஒரு பரப்பு வேண்டும். அதற்குத்தான் குதிரையும் பலகையும். தந்தியின் ஆட்டம் குதிரை வழியாகப் பலகைக்கு இறங்குகிறது, பலகை காற்றைத் தள்ளுகிறது.

ஆனால் விரல் ஒருமுறை மீட்டியதில் தந்திக்குக் கிடைத்த சக்தி அவ்வளவுதான். அதைப் பலகை வேகமாக உறிஞ்சினால் ஓசை பெரிதாக வரும், சீக்கிரம் செத்துப்போகும். மெதுவாக உறிஞ்சினால் ஓசை நெடுநேரம் நிற்கும், ஆனால் மெல்லிசாக. சத்தம் வேண்டுமா, கார்வை வேண்டுமா? தந்திக் கருவி செய்த ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குத் தன் மரத்தால் ஒரு பதில் சொல்லியிருக்கிறார். தோல் போர்த்திய கருவி ஒரு பதில்: தோல் லேசானது, உடனே ஆடும், கணீரென்று கேட்டு உடனே ஓயும். கனத்த பலாக் குடம் இன்னொரு பதில்.

லெஸ் பால் இதைச் சிறுவயதிலேயே ஒரு தண்டவாளத் துண்டில் கண்டுகொண்டார். இரண்டரை அடி நீளத் தண்டவாளத்தின் மேல் ஒரு தந்தியைக் கட்டி, அடியில் தொலைபேசியின் காதுக் குழலை வைத்து வானொலிப் பெட்டியோடு இணைத்தார். தண்டவாளம் அசையாது. அசையாததால் தந்தியிடமிருந்து எதையும் பிடுங்காது. தந்தி தன்பாட்டுக்கு நெடுநேரம் ஆடிக்கொண்டே இருந்தது. சத்தத்தைத் தொலைபேசிக் குழலும் வானொலியும் கொடுத்தன. விஷயம் முடிந்தது! குதிரையில் போகிற கௌபாய் கையில் தண்டவாளத்தையா வைத்துக்கொண்டு பாடுவான் என்று அவருடைய அம்மா கேலி செய்தாராம். பைன் கட்டை அந்தத் தண்டவாளத்தின் தூக்கிப்போகக்கூடிய வடிவம்.

இனி விருத்தாசலம் பக்கம் போகலாம். அங்கிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில் இராஜேந்திரப்பட்டினம் வருகிறது. தேவாரக்காரர்களுக்கு அது திருஎருக்கத்தம்புலியூர்; வெள்ளெருக்கு தலமரம். அறுபத்துமூவரில் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடப்பாட, மனைவி மதங்கசூளாமணியோடு கூட இருந்து யாழில் வாசித்தவர். சம்பந்தரோடு தில்லைக்கும், அதாவது சிதம்பரத்துக்கும், வந்தவர். தமிழ்நாட்டின் முதல் பக்கவாத்திய நட்சத்திரம் என்று சொன்னால் ஓதுவார்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவர் யாழைப் பற்றிய ஒரு கதையைச் சேக்கிழார் சொல்கிறார். காரைக்கால் பக்கத்துத் தருமபுரம் பாணருடைய தாயின் ஊர். அங்கே சுற்றத்தார், பாணர் யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தர் பாட்டுக்குப் பெருமை என்று பேசிவிட்டார்கள். பாணர் பதறிப்போனார். யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரையே கேட்டுக்கொண்டார். அவரும் பாடினார். யாழ் அந்தப் பாட்டின் பின்னால் ஓட முடியாமல் நின்றுவிட்டது. பாணர் யாழை முறிக்கப்போக, சம்பந்தர் தடுத்து, கருவியில் வந்தவரைக்கும் வாசியும் என்று தேற்றினார். அந்தப் பதிகத்துக்கு ‘யாழ்மூரி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கு ஓதுவார்கள் அதை அடாணாவில் பாடுகிறார்கள்.

பக்தர்கள் இதை அருளின் கதையாகப் படிக்கட்டும். இசைக்கருவி செய்கிறவன் படித்தால் இது ஒரு பரிசோதனை அறிக்கை. யாழ் வில் வகைக் கருவி. விரல் அழுத்திப் பிடிக்க மெட்டு கிடையாது, ஒரு நரம்புக்கு ஒரு சுரம். செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு, சகோட யாழுக்கு 14, பேரியாழுக்கு 21 என்பது உரைகாரர் கணக்கு. நரம்புகள் எத்தனை இருந்தாலும், ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவில் உள்ள இடம் காலி. குரலுக்கு அப்படிக் காலியிடம் இல்லை. அது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும், இடையில் நின்று குலுங்கும், மேலே தொட்டுவிட்டு இறங்கும். யாழ் சுரத்தைச் சொல்லும்; சுரத்துக்கும் சுரத்துக்கும் இடைப்பட்ட பாதையைச் சொல்லாது. அந்தப் பாதைதான் கமகம். சம்பந்தர் அன்று பாடியது எப்படி இருந்திருக்கும் என்று நம்மால் கேட்க முடியாது. யாழை மடக்க ஒரு பாடகருக்கு இதைவிட எளிய வழி இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

பாணர்களுக்கு இது தெரியாமலும் இல்லை. வார்தல், உந்தல், உருட்டல் என்று நரம்பின் மேல் செய்யும் எட்டு வகைக் கைவேலைகளைச் சிலப்பதிகாரம் பெயர் சொல்லிக் கூறுகிறது. யாழின் உறவுக்காரி என்று சொல்லத்தக்க பர்மாவின் ‘சவுங்’ என்ற வில்யாழ் இன்றும் வாசிப்பில் இருக்கிறது. அதை வாசிப்பவர் இடது கட்டைவிரலால் நரம்பை அழுத்திச் சுரத்தைக் கொஞ்சம் உயர்த்துகிறார். கொஞ்சம்தான்.

யாழின் மரம், தோல், நரம்பு எதுவும் நம் வெக்கையையும் ஈரத்தையும் தாண்டி நிற்கவில்லை. பழைய யாழ் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. குரல் நின்றது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் கிடைத்த பிறகு, அவற்றின் பண் தெரியாமல் திகைத்த அரசனும் நம்பியாண்டார் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்குத்தான் ஆள் தேடிப் போனார்கள் என்கிறது திருமுறை கண்ட புராணம். பாணர் மரபில் வந்த ஒரு பெண் பண் அடைவு சொல்ல, அவளைத் தில்லைக்கு அழைத்துவந்து பண் வகுத்தார்களாம். கருவி செய்யத் தவறியதைத் தொண்டை செய்தது.

காணாமல் போன யாழைக் கணக்குப் போட்டுத் திரும்பச் செய்ய முடியுமா என்று பார்த்தவர் அதே சிதம்பரத்தில் வேலை பார்த்தார். சுவாமி விபுலாநந்தர், மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892-இல் பிறந்தவர், இயற்பெயர் மயில்வாகனன். லண்டன் பல்கலைக்கழகத்து பி.எஸ்சி. பட்டதாரி, யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியர், பிறகு ராமகிருஷ்ண மடத்துத் துறவி. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். தமிழ்ப் பேராசிரியர் நாற்காலியில் ஓர் அறிவியல்காரர் உட்கார்ந்ததன் பலன் ‘யாழ் நூல்’. அதில் யாழுறுப்பியல் கருவியின் உடம்பைப் பற்றியது, இசைநரம்பியல் சுரங்களின் எண்விகிதங்களைப் பற்றியது. பத்துப்பாட்டிலும் சிலம்பின் உரையிலும் கிடந்த வரிகளை அளவுகளாகவும் பின்னங்களாகவும் மாற்றினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியபோது அவர் குறித்துக் கொடுத்த அளவுப்படி செய்த யாழ்களும் அங்கே வந்தன. அடுத்த மாதமே, ஜூலை 19-இல், காலமானார். அருங்காட்சியகத்தில் இல்லாத ஒரு கருவிக்கு இதைவிட நல்ல கண்ணாடிப் பெட்டி யாரும் செய்ததில்லை.

யாழுக்குப் பிறகு வீணை. அதன் இன்றைய வடிவம் 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் அமைந்தது: 24 மெட்டுகள், மெழுகில் பதித்தவை. மெட்டு வந்ததும் ஒரே தந்தியில் எல்லாச் சுரமும் வந்துவிட்டன. அதைவிட முக்கியம், அந்த மெட்டுகள் தண்டியிலிருந்து உயர்ந்து நிற்பது. விரல் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுக்கலாம். இழுத்தால் முறுக்கு ஏறும், முறுக்கு ஏறினால் சுரம் ஏறும்.

எவ்வளவு ஏற்ற வேண்டும்? தந்தியின் அதிர்வெண், முறுக்கு விசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. விசை நாலு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும், அவ்வளவே. ஓர் அரைச்சுரம் உயர அதிர்வெண் சுமார் 6 சதவீதம் கூட வேண்டும்; அதற்கு விசை 12 சதவீதம் கூட வேண்டும். ஷட்ஜ மெட்டிலேயே விரலை வைத்துக்கொண்டு அந்தர காந்தாரம் வரை இழுத்தால் அது நாலு அரைச்சுரம். விசை கிட்டத்தட்ட 59 சதவீதம் ஏற வேண்டும்! வைணிகரின் இடதுகை விரலில் காய்ப்பு காய்த்திருப்பதற்குக் காரணம் இந்த 59. தந்தி அறுந்துபோகாதா? வீணைத் தந்தி நீளமானது, சுருதி தாழ்ந்தது. அறுகிற எல்லைக்கு வெகு கீழேதான் கட்டப்படுகிறது. அந்த இடைவெளி முழுக்கக் கமகத்துக்காக ஒதுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதாரணக் கிடாரில் ஏன் இவ்வளவு தாராளமாக இழுக்க வருவதில்லை? விரலுக்கு அடியில் மரம் தட்டுகிறது. தந்தியை அழுத்தியதும் விரல்நுனி பலகையில் உரசிக்கொண்டு நிற்கிறது, பிடிமானம் இல்லை. 1970-களில் ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிடார் கலைஞர், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் வாசிப்பதற்காகத் தனக்கென்று ஒரு கிடார் செய்துகொண்டார். கிப்சன் நிறுவனத்துக் கிடார்தான். ஆனால் மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே பலகையைக் குழியாகச் சுரண்டியெடுத்திருந்தது. விரல் இனி மரத்தைத் தொடாது, தந்தியை மட்டும் பிடித்து இழுக்கும். குறுக்கே சுருதித் தந்திகளும் உண்டு. பார்க்கிற யாருக்கும் வீணை ஞாபகம் வரும்; வர வேண்டியதுதான். அதற்கு முன்பு அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டிருந்தார். ராமநாதன் விழுப்புரத்துப் பக்கம் வளவனூரில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். சிதம்பரத்து இசைப் படிப்பு, ஒருவர் கைமாற்றித் தந்ததில், அமெரிக்கக் கிடாரின் பலகையைக் குழியாக்கிவிட்டது.

கமகம் இப்படி வந்துவிட்டது. சத்தம் இன்னும் பாக்கி.

அதற்கு நெய்வேலிக்குப் போக வேண்டும். 1962-இல் அங்கே முதல் அனல்மின் அலகு ஓடத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை எரித்து நீராவியாக்கி, டர்பைனைச் சுழற்றி, அதோடு சேர்ந்த பெரிய மின்காந்தத்தைச் செப்புச் சுருள்களுக்கு நடுவே நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வைக்கிறார்கள். சுருளுக்குள் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும்: 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது. நிமிடத்துக்கு 3,000 என்றால் நொடிக்கு 50. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போவது இதனால்தான்.

மின்கிடாரின் பிக்-அப் இதே வேலையைச் செய்யும் குட்டி மின்நிலையம். தந்திக்குக் கீழே சின்னச் சின்ன நிலைக்காந்தங்கள். அவற்றைச் சுற்றித் தலைமயிர் பருமனிலோ அதைவிட மெலிதாகவோ உள்ள செப்புக் கம்பி, பல ஆயிரம் சுற்றுகள். காந்தம் தனக்கு மேலே இருக்கும் எஃகுத் தந்தியையும் லேசாகக் காந்தமாக்கிவிடுகிறது. தந்தி ஆடும்போது சுருளுக்குள் புலம் ஆடுகிறது. நொடிக்கு 440 முறை தந்தி ஆடினால் சுருளில் 440 ஆட்டமுள்ள மின்சாரம் வருகிறது. அளவு வோல்ட்டில் ஒரு சிறு பங்குதான். அதை ஆம்ப்ளிஃபையர் பெருக்குகிறது. பெருக்குவதற்கான சக்தி தந்தியிலிருந்து வரவில்லை; சுவர் பிளக்கிலிருந்து, அதாவது நெய்வேலி மாதிரி ஓர் இடத்திலிருந்து வருகிறது. சத்தமா கார்வையா என்ற பழைய பேரம் இங்கேதான் முறிந்தது. தந்தி தன் சக்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நெடுநேரம் ஆடலாம்; சத்தத்துக்கு வேறொருவர் செலவழிக்கிறார்.

இதில் சில விசித்திரங்கள் உண்டு. பிக்-அப் ஓசையைக் கேட்பதில்லை; அதன் முன்னால் நின்று நீங்கள் பாடினால், ஒழுங்காகச் செய்த பிக்-அப் கண்டுகொள்ளாது. எஃகு ஆடுவதை மட்டும் அறியும். பாணருடைய யாழின் குடல் நரம்புக்கு அடியில் உலகத்திலேயே விலையுயர்ந்த பிக்-அப்பை வைத்தாலும் ஒரு சத்தம் வராது. அதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஒரு தந்தி முழுசாக ஆடும்போதே இரண்டு பாதியாகவும், மூன்று துண்டாகவும், நாலு துண்டாகவும் சேர்ந்தே ஆடுகிறது. பாதியாக ஆடும் ஆட்டத்துக்குத் தந்தியின் நட்டநடுப்புள்ளி அசையாத இடம். பிக்-அப் அங்கே இருந்தால் அந்த ஆட்டம் அதன் காதில் விழாது. குதிரைக்குப் பக்கத்தில் வைத்தால் நுண்ணிய ஆட்டங்களின் பங்கு கூடும், ஓசை கூர்மையாகும். தள்ளி வைத்தால் கனியும். கிடாரில் இரண்டு மூன்று பிக்-அப்பும் ஒரு சுவிட்சும் இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஒரு தொல்லையும் உண்டு. மேடைக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரோ சீரியல் பல்பு வரிசையோ ஓடினால் பிக்-அப்புக்குள் அந்த 50 ஆட்டமும் நுழைந்து ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் போடும். கோயில் திருவிழா மேடையில் மின்கருவி வாசிப்பவர்களுக்கு இந்த ரீங்காரம் தெரிந்த எதிரி. 1955-இல் கிப்சன் நிறுவனத்துப் பொறியாளர் சேத் லவர் இதற்கு அழகான ஒரு வழி கண்டார். இரண்டு சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் சுற்றை மற்றதற்கு எதிர்த்திசையாக இணைத்து, காந்தத்தின் முனையையும் மாற்றி வைத்தார். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். தந்தியின் ஆட்டத்துக்கு முனையும் சுற்றும் இரண்டும் மாறியதால் இரண்டு எதிர்மறை சேர்ந்து நேராகிக் கூடும்.

இதெல்லாம் தமிழ் மேடையில் ஒன்றுகூடியது ஒரு சின்னப் பையன் கையில். உப்பலபு ஸ்ரீனிவாஸ், 1969-இல் ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்தவர். 1981 டிசம்பர் சீசனில் சென்னையில் வாசித்தபோது அவருக்கு வயது 12. கையில் இருந்தது மாண்டலின். கச்சேரி ரசிகர்கள் அதைச் சினிமா வாத்தியமாகத்தான் அறிந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அசல் மாண்டலினைக் கர்நாடக சங்கீதத்தின் பக்கமிருந்து பார்த்தால் எல்லாமே கோளாறு.

முதலாவது, கார்வை. தந்தி நீளம் சுமார் 35 சென்டிமீட்டர், மேல்பலகை மெலிது. மீட்டிய ஓசை உடனே உயிர் விடும். அதனால்தான் இத்தாலியர்கள் வில்லைத்தகட்டால் மேலும் கீழுமாகப் படபடவென்று மீட்டி ஓசையை நிறுத்திவைக்கிறார்கள். நமக்கோ ஒரு மீட்டில் ஐந்தாறு சுரம் போக வேண்டும். கமகம் பாதி வழியில் இருக்கும்போதே ஓசை தீர்ந்துபோனால் எப்படி? இரண்டாவது, ஜோடித் தந்திகள். எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக ஒரே சுருதியில். இரண்டையும் சேர்த்து இழுத்தால் ஒன்று கொஞ்சம் கூடவும் ஒன்று கொஞ்சம் குறையவும் ஏறும். ஒன்று 440, மற்றது 443 என்று ஆகிவிட்டால் நொடிக்கு 3 முறை ஓசை பெருகிச் சுருங்கி விம்மும். இழுக்க இழுக்க அந்த விம்மலும் மாறிக்கொண்டே இருக்கும். சுரம் எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

மூன்றாவதை ஒரு கணக்கில் காட்டலாம். வழக்கமான மாண்டலினின் மேல் தந்தி நொடிக்கு சுமார் 660 ஆடும்படி கட்டப்படுகிறது. 35 சென்டிமீட்டர் எஃகுத் தந்தியை அந்தச் சுருதிக்கு முறுக்கினால் அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். இன்னும் ஓர் அரைச்சுரம் ஏற, மேற்கொண்டு மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீள வேண்டும். கமகம் என்று நாம் உருகுவது நீளக் கணக்கில் இவ்வளவுதான்! விரல் ஒரு மயிரிழை தவறினால் காதுக்குத் தெரிந்துவிடும் என்பதும் இதில் அடக்கம்.

ஸ்ரீனிவாஸ் ஜோடிகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்திகளாக்கினார். மந்தர ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தி சேர்த்தார். குடம் கிடையாது, தட்டையான உடம்பு, பிக்-அப், ஆம்ப்ளிஃபையர். குதிரை அசையாததால் தந்தி நின்று பேசியது. விம்மல் போயிற்று. 1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். பிற்காலத்தில் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் அதே மெக்லாஃப்லின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். வீணை கற்ற கிடார்காரரும் கமகம் கற்ற மாண்டலினும் ஒரே மேடையில். 2014 செப்டம்பர் 19-இல், 45 வயதில் மறைந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தை மேதை, கடவுள் பக்தி என்று எழுதுவார்கள். அவர் ஒரு பொறியியல் சிக்கலைத் தீர்த்தவர் என்பது இன்னும் சரியாகச் சொல்லப்படவில்லை என்பது என் கருத்து. தருமபுரத்தில் யாழ் எங்கே நின்றுவிட்டதோ, அதைவிடச் சின்னதாக, அதைவிட மோசமான கார்வையோடு இருந்த ஒரு கருவியை எடுத்து, அதில் பாட்டின் பாதையை வரவழைத்தார்.

நாஷ்வில் கட்டை மாதிரியான மின்கருவிகளை அருங்காட்சியகத்தில் வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு மின்கிடாரின் ஆறு தந்தியும் சேர்ந்து கழுத்தை 40 முதல் 50 கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருக்கும். அதைப் பல வருஷம் அப்படியே விட்டால் கழுத்து வளையும், அதனால் தந்தியைத் தளர்த்தி வைப்பது வழக்கம். கடலூர் மாதிரிக் கடலோர ஊரில் இரும்பு எதுவும் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. தந்தி அதில் முதலில் போகும். பிக்-அப்புக்குள் மயிரிழைக் கம்பி ஒரே ஓர் இடத்தில் அரித்து அறுந்தால் கருவி ஊமை. புதுக் கம்பி சுற்றினால் பேசும், ஆனால் பேசுவது பழைய சுருள் இல்லை. இங்கே காப்பாளருக்கும் கலைஞருக்கும் ஒத்துப்போவதில்லை.

கட்டையும் பிக்-அப்பும் போதுமென்றால் பண்ருட்டிப் பலாவுக்கு இனி வேலை இல்லையா? இருக்கிறது. வீணைக் கச்சேரிகளில் பெரும்பாலும் காந்த பிக்-அப்பைவிடக் குடத்தில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கைத்தான் பார்க்கிறோம். அதற்குள் இருப்பது, அழுத்தினால் மின்னழுத்தம் தரும் ஒருவகைப் படிகமோ பீங்கானோ. 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த பண்பு. அது தந்தியைக் கேட்பதில்லை, தந்தி ஆட்டும் மரத்தைக் கேட்கிறது. அதனால் ஆசாரி இழைத்த சுவரின் குணம் ஒலிபெருக்கி வரை போகிறது; விரல் மெட்டில் தட்டுவதும் புடவைச் சரிகை உரசுவதும் கூடவே போகின்றன. காந்த பிக்-அப் வைத்தால் இந்த உரசல் வராது, மரமும் வராது. மேலும் ஒரு சங்கடம்: வீணையின் மந்தர, அனுமந்தரத் தந்திகள் வழக்கமாகப் பித்தளை. காந்தத்துக்குப் பித்தளை இருப்பதே தெரியாது; எஃகுத் தந்திகளான சாரணியும் பஞ்சமமும் முழங்க, கீழ்த்தந்திகள் இரண்டும் வாய்மூடிக் கிடக்கும். காந்த பிக்-அப் போடுகிறவர்கள் முதலில் கடைக்குப் போய் வாங்கி வருவது, உள்ளே எஃகும் மேலே செம்புச் சுற்றும் உள்ள தந்திகளைத்தான்.